தூண்டிற் பந்தயங்களில் பாஸ் மீனை உயிருடன் காத்தல்

ஒரு மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து, சில மணி நேரம் தொட்டியில் வைத்திருந்து, மீண்டும் அதே ஏரியில் விட்டுவிட்டால் அது பிழைத்துவிடும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. விட்டவுடன் அது வாலை வீசி ஆழத்தில் மறைவதைக் கண்டவர்களுக்கு இவ்வெண்ணம் மேலும் உறுதிப்படும். ஆனால், கண்ணுக்கு மறைந்த மீன் யாவும் பிழைத்த மீன் அல்ல. வெளிக்கு நலமாகத் தோன்றி நீந்திச் சென்ற மீன், இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் ஒருவரும் காணாத இடத்தில் மாண்டுபோவதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பாஸ் மீன் பந்தயங்களை ஒட்டி நடைபெற்ற ஆராய்ச்சிகள் இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியுள்ளன. இப்படிப்பட்ட மரணம் ஏன் நேர்கிறது, அதைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மீன் குஞ்சுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் களப் பணியாளருக்கும், சுவாசம், வாயுக்களின் கரைதிறன், அழுத்த விதி முதலியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது ஒருங்கே பயன்படக்கூடியதாகும்.

மீனும் பந்தயமும்

பாஸ் என்னும் ஆங்கிலப் பெயர் பல மீன்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. நம் கடற்கரைகளில் கொடுவா எனப்படும் மீனையும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பர். இங்கே கூறப்படுவது அதுவன்று. வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் மைக்ரோப்டெரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்களே இங்குக் கருதப்படுகின்றன. இவற்றுள் பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்னும் இரண்டும் முக்கியமானவை. இவை சிறு மீன்களை வேட்டையாடி உண்பவை. தூண்டிலில் அகப்பட்டால் கடுமையாகப் போராடுபவை. இக்காரணத்தாலேயே பொழுதுபோக்காகத் தூண்டில் இடுவோர் இவற்றைப் பெரிதும் விரும்புகின்றனர்.

இம்மீன்களைப் பிடிக்கும் பந்தயங்கள் இன்றைய வடிவைப் பெற்றது 1967-ஆம் ஆண்டிலாகும். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஸ்காட் என்னும் இன்ஷ்யூரன்ஸ் முகவர், அவ்வாண்டில் ஆர்க்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு பெரும் பந்தயத்தை நடத்தினார். அடுத்த ஆண்டில் பாஸ் தூண்டிற்காரர்களுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். தொடக்க காலத்தில் பிடிபட்ட மீன்கள் திரும்ப ஏரிக்குச் செல்லவில்லை. பந்தயங்கள் பெருகப் பெருக, ஏரிகளின் மீன்வளம் குன்றிவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. 1972-ஆம் ஆண்டு முதல், மீன்களை உயிருடன் காத்து எடைபோட்டபின் திருப்பிவிடும் முறை இச்சங்கத்தின் பந்தயங்களில் புகுத்தப்பட்டது. படகுகளில் மீன்களை உயிருடன் வைப்பதற்கான நீர்த்தொட்டிகளும் இதை ஒட்டியே பரவின.

பந்தயம் நடைபெறும் முறை எளிது. விடியற்காலையில் படகுகள் புறப்படும். ஒவ்வொருவரும் குறித்த எண்ணிக்கையளவு, பெரும்பாலும் ஐந்து, மீன்களைத் தம் படகின் தொட்டியில் வைத்திருக்கலாம். ஆறாவது மீன் பிடிபட்டால், உள்ளவற்றுள் சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை வைத்துக்கொள்வர். பிற்பகலில் எல்லோரும் கரை சேர்வர். ஐந்து மீன்களின் மொத்த எடையே வெற்றியை நிர்ணயிக்கும். இறந்த மீன் ஒன்றுக்கு இவ்வளவு என எடையில் கழிவும் உண்டு. காலையில் முதலில் பிடிபட்ட மீன் ஆறு அல்லது ஏழு மணி நேரம் தொட்டியில் கிடக்க நேரிடும் என்பது இதனின்றும் விளங்கும்.

இருவகை மரணம்

ஆராய்ச்சியாளர் இம்மீன்களின் இறப்பை இரண்டாகப் பிரித்துக் காண்கின்றனர். எடைபோடும் வேளையிலேயே மீன் இறந்திருந்தால் அது உடனடி மரணம். உயிருடன் திருப்பிவிடப்பட்டுச் சில நாட்களுக்குள் இறந்தால் அது பின்னிகழ் மரணம். முதலாவதை எவரும் காணலாம். இரண்டாவதைக் காண ஒரு தனி முறை தேவை. எடைபோடப்பட்ட மீன்களுள் ஒரு பகுதியை ஏரியிலேயே அமைத்த வலைக்கூண்டுகளில் சில நாட்கள் அடைத்துவைத்து, நாள்தோறும் எத்தனை இறந்தன எனக் கணக்கிடுகின்றனர். கூண்டில் அடைப்பதே மீனுக்குத் துன்பமாதலால், பந்தயத்தில் சேராத மீன்களை வேறு வழியில் பிடித்து, அதே போன்ற கூண்டுகளில் அடைத்து ஒப்பிடுவதும் இன்றியமையாதது. ஒப்பீட்டுக் கூட்டமின்றிச் சோதனை முற்றுப்பெறாது என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆசிரியர்கள் இதை வகுப்பில் எடுத்துக் கூறலாம்.

இத்தகைய சோதனைகளின் முடிவு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. ஒன்று, தொட்டிகளும் கையாளும் முறைகளும் சீர்ப்பட்டபின் உடனடி மரணம் பெரிதும் குறைந்திருக்கிறது. மற்றொன்று, பின்னிகழ் மரணம் அதே அளவில் குறைந்துவிடவில்லை; தண்ணீரின் உஷ்ணம் ஏற ஏற அது கூடுகிறது. எடையில் விதிக்கப்படும் கழிவு முதல்வகை மரணத்தைத்தான் தண்டிக்கும். இரண்டாவது வகை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே, அதைத் தடுப்பது முற்றிலும் மீனைக் கையாளுபவரின் அறிவையும் பொறுப்பையும் சார்ந்ததாகும்.

தண்ணீரில் பிராணவாயு

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மீனுக்குக் கிடைப்பதோ தண்ணீரில் கரைந்துள்ள சிறிதளவே. ஒரு லிட்டர் காற்றில் உள்ள பிராணவாயு, அதே அளவு நன்னீரில் கரைந்துள்ளதைப்போல் சுமார் முப்பது மடங்காகும். இச்சிறிய அளவும் உஷ்ணம் ஏறினால் குறையும். காற்றுடன் நன்கு கலந்த ஒரு லிட்டர் நன்னீரில் 10 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 11.3 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 20 டிகிரியில் அது 9.1 மில்லிகிராமாகவும், 25 டிகிரியில் 8.3 மில்லிகிராமாகவும், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமாகவும் குறைந்துவிடுகிறது. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை மெதுவாகச் சுடவைத்தால், கொதிநிலைக்கு வெகு முன்பே சிறு குமிழிகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டித் தோன்றும். அவை நீராவி அன்று. கரைந்திருந்த காற்றே வெளிப்படுகிறது. இதை மாணவர்களுக்கு எளிதில் செய்துகாட்டலாம்.

உஷ்ணத்தின் கேடு இத்துடன் நிற்பதில்லை. மீன் குளிர்ந்த குருதியுள்ள பிராணி. சுற்றியுள்ள நீரின் உஷ்ணமே அதன் உடலின் உஷ்ணமாகும். நீர் 10 டிகிரி கூடினால், அதன் உடலில் நிகழும் இரசாயன மாறுதல்கள் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகின்றன. பிராணவாயுவின் தேவையும் அவ்வாறே கூடுகிறது. தேவை பெருகும் வேளையில் கிடைக்கும் அளவு சுருங்குகிறது. கோடைப் பந்தயங்களில் மீன்கள் மிகுதியாக மடிவதன் முதற்காரணம் இதுவே.

இதற்குமேல், தூண்டிலில் அகப்பட்ட மீன் ஏற்கெனவே களைத்துள்ளது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். கடும் போராட்டத்தின்போது அதன் தசைகள் பிராணவாயு போதாமல் இயங்குகின்றன. இதனால் லாக்டிக் அமிலம் தசையிலும் குருதியிலும் சேர்கிறது. அதை நீக்கிப் பழைய நிலையை அடையப் பல மணி நேரம் ஆகும். அதற்கும் பிராணவாயு வேண்டும். களைப்பாறவேண்டிய வேளையில் அது நெருக்கமான ஒரு தொட்டியில் அடைக்கப்படுகிறது.

தொட்டியின் கணக்கு

நிலைமையை ஒரு கணக்கினால் விளக்குவோம். படகின் தொட்டி 80 லிட்டர் நீர் கொள்வது. அதில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஐந்து மீன்கள் உள்ளன. மொத்தம் ஏழரைக் கிலோ. நீரின் உஷ்ணம் 25 டிகிரி. பாஸ் மீன் துன்பமின்றி இருக்க லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாத பிராணவாயு வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 8.3 மில்லிகிராமில் 5-ஐக் கழித்தால், லிட்டருக்கு 3.3 மில்லிகிராம் வீதம் தொட்டி முழுவதிலும் செலவழிக்கத்தக்கது 264 மில்லிகிராம். களைத்த மீன் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 200 மில்லிகிராம் பிராணவாயுவைச் செலவிடுகிறது எனக் கொள்வோம். ஐந்து மீன்களும் மணிக்கு 1,500 மில்லிகிராம் செலவிடும். எனவே, காற்றுச் செலுத்தும் பம்பு நின்றுவிட்டால், தொட்டியில் உள்ள இருப்பு பத்து நிமிஷத்திற்குச் சற்று அதிகமாகவே போதும். 30 டிகிரி உஷ்ணத்தில் இருப்பும் குறைந்து செலவும் கூடுவதால், அது சுமார் ஆறு நிமிஷமாகச் சுருங்கிவிடும்.

இக்கணக்கிலிருந்து சில விதிகள் தாமே பெறப்படும். மீன்கள் தொட்டியில் உள்ளவரை பம்பு இடைவிடாது இயங்கவேண்டும். மின்கலத்தைச் சிக்கனம் செய்வதற்காக அதை விட்டுவிட்டு இயக்குவது பிழை. காற்று பெரிய குமிழிகளாக வெளிப்படுவதைவிட நுண்ணிய குமிழிகளாக வெளிப்படுவது மேலானது. ஒரே அளவு காற்று சிறு குமிழிகளாகப் பிரியும்போது நீரைத் தொடும் பரப்பு பெருகுகிறது. மேலும் அவை மெதுவாகவே மேலெழுகின்றன. மீன்கள் பெரியனவாகவோ நீர் வெப்பமாகவோ இருப்பின், உருளையில் அடைத்த தூய பிராணவாயுவைச் செலுத்துவதும் உண்டு. மீன் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதற்காகத் தொட்டியின் மூடியை அவ்வப்போது திறந்துவைத்தலும் அவசியமாகும்.

உஷ்ணத்தைத் தணித்தல்

கோடையில் ஏரியின் மேல்மட்ட நீரே மிகவும் வெப்பமானது. அதையே தொட்டியினுள் ஓயாது இறைத்துக்கொண்டிருந்தால் மீன் வெப்பத்திலேயே கிடக்கும். ஆதலால், காலையில் குளிர்ந்த நீரை நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறியபின் அந்நீரையே காற்றேற்றிச் சுழலச் செய்து, பனிக்கட்டியால் தணிப்பது நல்லது. 80 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குத் தணிக்க ஏறத்தாழ 2.3 கிலோ பனிக்கட்டி வேண்டும். பனிக்கட்டி உருகும்போது கிலோவுக்கு 80 கிலோ கலோரியும், உருகிய நீர் 25 டிகிரியை அடைவதற்கு மேலும் 25 கிலோ கலோரியும் ஏற்கும் என்பதைக் கொண்டு மாணவர்கள் இதைத் தாமே சரிபார்க்கலாம். வெளி வெப்பம் தொடர்ந்து உட்புகுவதால், நாளடங்கலும் சிறிது சிறிதாகப் பனிக்கட்டி சேர்த்துவரவேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அளவுக்கு மேல் குளிரச் செய்தால், மீன் வெப்பமான ஏரிக்குத் திரும்பும்போது அந்தத் திடீர் மாறுதலே அதற்கு ஊறு செய்யும்; மூன்று டிகிரியளவு தணித்தல் போதுமானது. அடுத்து, குழாய் நீரிலும் அதனால் செய்த பனிக்கட்டியிலும் உள்ள குளோரின் செவுள்களை அரிக்கும். நீரைப் புட்டிகளில் அடைத்து உறையச் செய்து, மூடிய புட்டிகளையே தொட்டியில் இட்டால் இத்தீங்கு நேராது. குழாய் நீரையே உபயோகிக்க நேர்ந்தால், புகைப்படத் தொழிலில் ஹைப்போ என வழங்கும் சோடியம் தயோசல்பேட்டைக் கொண்டு குளோரினை மாற்றிக்கொள்ளலாம்.

கழிவும் உப்பும்

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஏரியில் அது உடனே கரைந்து பரவிவிடும். தொட்டியிலோ மணிக்கு மணி சேர்ந்து நஞ்சாகும். எவ்வளவு காற்றைச் செலுத்தினாலும் அம்மோனியா போதிய அளவு நீங்காது. அதற்கு ஒரே பரிகாரம், சில மணி நேரத்திற்கு ஒருமுறை நீரின் பாதியை வெளியேற்றிப் புதுநீர் நிரப்புவதே.

நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, அது வாழும் நீரில் உள்ளதைவிட மிக அதிகம். ஆகவே, நீர் இடைவிடாது அதன் உடலினுள் புகுகிறது. உப்புக்கள் வெளியே கசிகின்றன. நலமுள்ள மீன் இதை ஈடுசெய்துகொள்ளும். களைப்பிலும் அச்சத்திலும் உள்ள மீனால் அது முழுவதும் இயல்வதில்லை. தொட்டி நீரில் லிட்டருக்கு 3 கிராம் வீதம், அதாவது 80 லிட்டருக்கு 240 கிராம், அயோடின் சேராத உப்பைக் கரைத்தால் இவ்விழப்பு குறைகிறது. உப்பு இவ்வகையில் துணைசெய்யுமேயன்றிப் பிராணவாயுவுக்கும் குளிர்ச்சிக்கும் ஈடாகாது.

கையால் நேரும் கேடு

மீனின் உடலை மூடியுள்ள வழுவழுப்பான படலம் வெறும் அழுக்கன்று. பூஞ்சணங்களும் நோய்க் கிருமிகளும் உட்புகாது தடுக்கும் கவசம் அதுவே. உலர்ந்த கை, முரட்டுத் துணி, வெயிலில் காய்ந்த படகுத் தளம், முடிச்சுள்ள வலை ஆகியவை அதை உரித்துவிடுகின்றன. அவ்விடத்தில் சில நாட்களில் பூஞ்சணம் படர்வதும் புண் தோன்றுவதும் பின்னிகழ் மரணத்தின் ஒரு காரணமாகும். எனவே, கையை நனைத்துக்கொண்டு தொடுதல், முடிச்சற்ற வலையை உபயோகித்தல், மீனைத் தரையில் துள்ளவிடாதிருத்தல் ஆகியவை எளியவையாயினும் மிக முக்கியமானவை. பாஸ் மீனைக் கீழ்த்தாடையைப் பற்றித் தூக்குவது வழக்கம். சிறு மீனுக்கு அது தகும். கனத்த மீனை அவ்வாறு கிடைநிலையில் தொங்கவிட்டால் தாடை முறுக்குண்டு ஊறுபடும். மற்றொரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொள்ளவேண்டும். தூண்டில் முள் தொண்டையில் ஆழப் பதிந்துவிட்டால், அதைப் பலவந்தமாகப் பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுவதே பல வேளைகளில் நலம் தரும்.

ஆழத்திலிருந்து வந்த மீன்

பாஸ் மீனின் காற்றுப்பைக்கு வெளியே திறக்கும் குழாய் இல்லை. நீரில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அவ்வாழத்திலிருந்து மீன் விரைவாக மேலே இழுக்கப்பட்டால், பாயில் விதிப்படி பையிலுள்ள காற்று இரு மடங்காக விரிய முயலும். மீன் வயிறு புடைத்து, நிலைகுலைந்து, மேற்பரப்பில் சாய்ந்து மிதக்கும். மீண்டும் மூழ்க இயலாது வெயிலில் தவிக்கும். இத்தகைய மீனின் துடுப்புகளில் சிறு எடைகளை மாட்டி நேராக நிற்கச் செய்வதும், பயிற்சி பெற்றவர் நுண்ணிய ஊசியால் காற்றை வெளியேற்றுவதும் கையாளப்படும் முறைகள். பயிற்சியற்ற கை ஊசியைத் தொடுவது உள்ளுறுப்புக்களைக் குத்திவிடும். மிக ஆழமான நீரில் தூண்டில் இடுவதைத் தவிர்த்தலே இவற்றினும் சிறந்தது.

எடைபோடும் இடமும் திருப்பிவிடுதலும்

படகில் நன்கு காக்கப்பட்ட மீனும் கரையில் கெட்டுவிடக்கூடும். தொட்டியிலிருந்து எடைபோடும் மேடைக்குச் சிறிதளவு நீருள்ள பிளாஸ்டிக் பையில் மீன்கள் கொண்டுசெல்லப்படுகின்றன. ஐந்து மீன்கள் அடைபட்ட பையில் பிராணவாயு சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும் என்பதை முன் கூறிய கணக்கைக் கொண்டே ஊகிக்கலாம். எனவே, பந்தயத்தை நடத்துவோர் வரிசை நீளாதவாறு சிலர் சிலராகவே அழைக்கவேண்டும். காத்திருக்கும் இடத்தில் காற்றேற்றிய, குளிர்ந்த நீருள்ள தொட்டிகளை அமைத்துப் பைகளை அவற்றினுள் வைக்கச் செய்யவேண்டும். புகைப்படத்திற்காக மீனை நெடுநேரம் வெளியில் தூக்கிப் பிடிப்பதையும் தவிர்த்தல் வேண்டும்.

எல்லா மீன்களையும் கரையோரத்தில் ஒரே இடத்தில் விடுவதும் நன்றன்று. பெருவாய்ப் பாஸ் மீன்கள் பல, விட்ட இடத்தின் அருகிலேயே நெடுநாள் தங்கிவிடுகின்றன. படகுகளில் ஏற்றி ஏரியின் பல பகுதிகளிலும் பரவ விடுவது நல்ல முறையாகும். நெருக்கத்தில் நோய் பரவும் அபாயமும் உண்டு. 1995-ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தின் சான்டீ-கூப்பர் நீர்த்தேக்கத்தில் பெருவாய்ப் பாஸ் மீன்கள் மடிந்தபோது, அவற்றைத் தாக்கும் ஒரு வைரஸ் அடையாளம் காணப்பட்டது. இவ்வைரஸைத் தாங்கிய மீன்கள் பல நோய்க்குறியின்றி வாழ்கின்றன. வெப்பமும் துன்பமும் சேரும்போது நோய் முற்றுகிறது.

வசந்த காலத்தில் மற்றொரு பொறுப்பும் சேர்கிறது. அக்காலத்தில் ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் கூடு அமைத்து முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறது. அதைப் பிடித்துச் சில மணி நேரம் அப்புறப்படுத்தினால் காவலற்ற கூட்டைப் பிற மீன்கள் சூறையாடிவிடும். தந்தை மீன் உயிருடன் திரும்பினாலும் அந்தத் தலைமுறை திரும்புவதில்லை.

இவற்றையெல்லாம் ஆராய்ந்தோர் பந்தயத்தின் விதியையே மாற்றவும் முன்வந்துள்ளனர். சில பந்தயங்களில் ஒவ்வொரு மீனும் பிடிபட்டவுடன் படகிலேயே எடைபோடப்பட்டு, பிடித்த இடத்திலேயே விடப்படுகிறது. சிறு துடுப்புப் படகுப் பந்தயங்களில் மீனின் நீளத்தை அளவுப் பலகையில் புகைப்படம் எடுத்து, அதையே சான்றாகக் கொள்கின்றனர். தொட்டியில் அடைக்கும் நீண்ட நேரமே இல்லையாதலால், அதனால் விளையும் தீங்கும் இல்லை.

நாம் கொள்ளத்தக்கது

நம் நாட்டில் கட்லா, ரோகு முதலிய மீன்களின் குஞ்சுகளைப் பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பைகளில் அனுப்பும் களப் பணியாளர்கள் இவ்விதிகளை வேறு பெயரில் நன்கு அறிவர். குஞ்சுகளைப் பயணத்திற்கு முன் பட்டினி போடுவது கழிவைக் குறைப்பதற்கே. குளிர்ந்த வேளையில் அனுப்புவது பிராணவாயுவின் செலவைக் குறைப்பதற்கே. பையை உடனே திறந்து கொட்டாமல் குளத்து நீரில் சிறிது நேரம் மிதக்கவிடுவது உஷ்ண வேற்றுமையைப் போக்குவதற்கே. அமெரிக்க ஏரியில் ஒரு பெரிய பாஸ் மீனுக்கும், நம் குளத்திற்கு வரும் விரல் நீளக் குஞ்சுக்கும் உயிர் காக்கும் இயற்கை விதி ஒன்றே.

குளத்தில் விட்ட அன்று எத்தனை குஞ்சுகள் நீந்தின என்பதை மட்டும் பதிவேட்டில் எழுதினால், பந்தய மேடையில் நேர்ந்த அதே பிழை இங்கும் நேரும். சிறு வலைக்கூண்டு ஒன்றை அதே குளத்தில் அமைத்து, கொண்டுவந்த குஞ்சுகளுள் சிலவற்றை எண்ணி இட்டு, மூன்று நாட்களுக்குப் பின் எஞ்சியவற்றை எண்ணிப் பாருங்கள். விட்டவை எத்தனை என்பதன்று, வாழ்பவை எத்தனை என்பதே நம் பணியின் உண்மையான அளவுகோலாகும்.